கல்லுக்கு அடியில் இருக்கிற கரி

நாகரசம்பட்டி,
22.5.2025, வியாழக்கிழமை.

அன்புள்ள மகன் ஹரீஷ்குமாருக்கு அம்மா எழுதிக்கொள்வது. அந்தக் குளிர் தேசத்தில் கை கால் சுகத்தோடு நீ இருக்க வேண்டும் என்று முனியப்பனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா நகர மாட்டேன் என்கிறது. உயிரோடு இருக்கிறோம், அவ்வளவுதான். போன் இருக்கிற காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். என் போன் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது, அன்றைக்கு நான் எடுத்த வீடியோ சாட்சிக்கு வேண்டுமாம். உன் சித்தப்பா போனில் பேசலாம் என்றால் அவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், நான் சொல்லப்போவது அவர் காதில் விழக் கூடாது. உன் ரூமில் கூட இருக்கிற அப்பாஸ் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். நேற்று ஆஸ்பத்திரிக்கு வந்தவன்தான் சொன்னான், "ஹரீஷு டிக்கெட் பாத்துக்கிட்டிருக்கான்ம்மா, விஜயகுமாரு ஜாமீன்ல வெளிய வர்ற அன்னிக்கு ஊர்ல இருக்கணுமாம், அவன் கையை எடுத்துட்டுத்தான் திரும்புவேன்ங்கறான்" என்று. டேய், கையை எடுக்கிற மூஞ்சியைக் கண்ணாடியில் பார்த்தாயா? வீட்டில் கோழி அறுத்தால் காதைப் பொத்திக்கொண்டு மாந்தோப்புக்கு ஓடினவன் நீ. டிக்கெட் வாங்கியிருந்தால் கேன்சல் பண்ணு. வாங்கவில்லை என்றால் இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படி, அதற்கப்புறம் யார் கையை எடுக்க வேண்டும் என்று நீயே முடிவு பண்ணு.

சித்தப்பா உனக்கு என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். பக்கத்து நிலத்து ராஜப்பன் மகன் நம் நிலத்துக்குள் ஏறி வந்து அப்பா கையை வெட்டிவிட்டான் என்று சொல்லியிருப்பார். வெட்டினது நிஜம். இடது கையில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் போய்விட்டன, நடுவிரல் தேறுமா என்று டாக்டர் இன்னும் வாய் திறக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் நடந்ததை அவர் சொல்லியிருக்க மாட்டார், நான் சொல்கிறேன் கேள். சித்திரை பிறந்ததும் ராஜப்பன் தன் கீழ்க்காட்டை ஒரு பெங்களூர்க்காரனுக்குக் குடோன் கட்டக் கொடுக்கிறேன் என்று பேசி, அளக்க ஆள் வந்தது. மூன்று காலில் நிற்கிற மெஷினை வைத்துக்கொண்டு கன்னடமும் தமிழும் கலந்து பேசின ஒருத்தன், எல்லைக்கல் நிற்கிற இடமே தப்பு, வரப்போரம் இருக்கிற நம் மூன்று பெங்களூரா மாமரமும் ராஜப்பன் பக்கத்தில் வருகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்று சாயந்திரமே ராஜப்பன் வந்தான். மரியாதையாகத்தான் வந்தான், பொய் சொல்லக் கூடாது. "அண்ணா, நானும் இத்தினி வருஷமா அந்தக் கல்லைத்தான் நம்பிக்கிட்டிருந்தேன், மெஷினு வேற மாதிரி சொல்லுது, ஒருதரம் கவர்மெண்ட் சர்வேயரை வச்சுப் பாத்துக்கலாம்" என்றான். அப்பாவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். "மெஷினுக்கு என்னாடா தெரியும், எங்கப்பன் நட்ட கல்லுடா அது, மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுப் பொங்கல் இந்தாண்ட நானும் அந்தாண்ட நீயும் மஞ்ச குங்குமம் வச்சுக் கும்பிட்ட கல்லு" என்று கத்தினார். அப்பனோடு கூட வந்த விஜயகுமார், "குங்குமம் வச்சாக்கா நிலம் உங்களுதாயிடுமா பெரியப்பா" என்று கேட்டான். அப்பா செருப்பைக் கழற்றி அவன் வாயிலேயே ஒன்று வைத்தார். உன்னோடு ஒரே பஸ்ஸில் ஓசூர் ஐ.டி.ஐ.க்குப் போய்வந்த பையன், தை மாதம் கல்யாணம் நிச்சயமானவன், எல்லோர் முன்னாலும் உதடு கிழிந்து நின்றான்.

அன்றைக்குப் பிடித்தது சனி. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் நம் சொட்டுநீர்க் குழாய் அத்தனையும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அப்பா சும்மா இருப்பாரா? அவர்கள் கன்றுக்குட்டி வரப்பு தாண்டி வந்த நேரம் பார்த்து வேலங்கட்டையால் பின்னங்காலில் போட்டார், எலும்பு முறிந்த சத்தம் மோட்டார் கொட்டகையில் இருந்த எனக்குக் கேட்டது. அது மூன்று காலில் தத்திக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை, ஆனாலும் அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலாம் நாள் நம் நாய் ஜிம்மி வரப்பில் செத்துக் கிடந்தது, தலையில் கல்லைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள், ஒரு கண் வெளியே வந்து கிடந்தது. நீ வீடியோ காலில் ஜிம்மியைக் காட்டு என்றபோது எங்கேயோ ஊர் சுற்றப் போயிருக்கிறது என்றேனே, அது பொய் சாமி. என் புடவையில் சுற்றி நடு மரத்துக்குப் பக்கத்தில் புதைத்தேன். அப்புறம் ராஜப்பன் மனு கொடுத்து தாலுகா ஆபீஸ் சர்வேயர் வந்தார். அப்பா அவர் கையில் இருந்த டேப்பைப் பிடுங்கி அறுத்துவிட்டு, "என் பொணத்து மேல அளந்துக்கோ" என்று கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டார். நானும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்று, ராஜப்பன் பெண்டாட்டி சரசம்மாவை, அவள் பிறந்த வீடு வரைக்கும் இழுத்து வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். சர்வேயர் அய்யா போதும்டா சாமி என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். ராஜப்பன் டிராக்டரில் வேலி போடக் கல்லுக்கால் ஏற்றிக்கொண்டு வந்து, நம் மூன்று மரத்தையும் தன் பக்கம் சேர்த்து வரிசையாகக் குழி போட்டு நட ஆரம்பித்துவிட்டான். முள்கம்பி உருட்டு இரண்டு கீழே கிடக்கிறது. நசருல்லா பாய் அன்றைக்குத்தான் நம் தோப்பில் காய் பறிக்க ஆள் வைத்திருந்தார், அப்பாஸுடைய அப்பாதான், வருஷா வருஷம் நம் காயை எடுக்கிறவர். அவர் அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே, "முனிவேலு, வேணாம்ப்பா, போலீசுக்குப் போலாம்" என்று கெஞ்சினார். அப்பா அவரை உதறிவிட்டு, மோட்டார் கொட்டகையில் இருந்த கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் முதலில் வீடியோதான் எடுத்துக்கொண்டிருந்தேன், அவர்கள் அக்கிரமம் பண்ணுகிறார்கள் என்று உனக்கு அனுப்புவதற்கு. அப்பா முதல் கல்லுக்காலை நெம்பிச் சாய்த்தார், இரண்டாவதைச் சாய்த்தார், மூன்றாவதை ராஜப்பன் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் திட்டினான், உனக்குத்தான் தெரியுமே, கோபம் வந்தால் அவனுக்குத் தமிழ் வராது. அப்பா கடப்பாரையைத் திருப்பி அவன் முழங்காலுக்குக் கீழே ஓங்கி அடித்தார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. கால் மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியது. முதல் அடி நம்முடையதுதான் ஹரீஷ், சித்தப்பா இதைச் சொன்னாரா? அவன் விழுந்ததைப் பார்த்துத்தான் விஜயகுமார் டிராக்டரில் கிடந்த கொடுவாளை எடுத்தான். அப்பா கடப்பாரையை நாலாவது தடவை தூக்கியபோது அந்தக் கையில் வெட்டினான். தலையில் வெட்டியிருக்க முடியும், அவனுக்கு அவ்வளவு கிட்டத்தில்தான் தலை இருந்தது, கையில்தான் வெட்டினான். கடப்பாரையோடு சேர்ந்து விரலும் விழுந்தது. நான் போனை எறிந்துவிட்டு ஓடினேன், குறுக்கே வந்த சரசம்மாவின் தலைமயிரைப் பிடித்துக் கீழே தள்ளி அவள் மேல் ஏறி உட்கார்ந்து அடித்தேன், தோள்பட்டையைக் கடித்தேன், காதைப் பிடித்து இழுத்ததில் மடல் பிய்ந்து கம்மல் என் கையோடு வந்துவிட்டது. எனக்கு அப்போது ஒன்றுமே வலிக்கவில்லை, அது போதாது என்றுதான் இருந்தது. நசருல்லா பாயும் அவருடைய ஆட்களும்தான் எங்களைப் பிரித்து, காய் ஏற்ற வந்த வண்டியிலேயே இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்துக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோனார். மாங்காய்ப் பால் நாற்றமும் ரத்த நாற்றமும் சேர்ந்து அந்த வண்டியில் வந்ததை இன்னும் என் மூக்கிலிருந்து கழுவ முடியவில்லை.

இப்போது அப்பாவும் ராஜப்பனும் ஒரே வார்டில்தான் இருக்கிறார்கள், நடுவில் நாலு கட்டில். ராஜப்பனுக்குக் காலில் கம்பி வைத்திருக்கிறார்கள், இனிமேல் கழனியில் இறங்கி நிற்க முடியாது என்று நர்ஸம்மா சொன்னார். விஜயகுமார் சேலம் ஜெயிலில் இருக்கிறான், பெண் வீட்டார் வந்து நிச்சயத் தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். அப்பா மேலும் என் மேலும் கேஸ் இருக்கிறது, வாசலில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கிறார். நானும் சரசம்மாவும் காலையில் பால் வாங்க ஒரே வரிசையில் நிற்கிறோம், அவள் காதில் தையல், முகத்தைப் பார்க்காமல் நகர்கிறோம். இன்ஸ்பெக்டர் அப்பாவிடம் வாக்குமூலம் எழுத வந்தபோது, எல்லை எது என்று தெரியாமலா இத்தனை அடிதடி என்று கேட்டார். அப்பா கட்டுப்போட்ட கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, "கல்லுக்கு அடியில தோண்டிப் பாருங்க சார், எங்கப்பன் போட்ட அடுப்புக்கரி இருக்கும், இல்லைன்னாக்கா மிச்சம் இருக்கிற கையையும் நானே வெட்டிக் குடுத்துடறேன்" என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். உனக்குத் தெரியுமோ என்னமோ, அந்தக் காலத்தில் எல்லைக்கல் நடும்போது குழியில் ஒரு கூடை அடுப்புக்கரியும் உடைந்த சட்டி ஓடும் போட்டு அதன் மேல்தான் கல்லை நிறுத்துவார்கள். கரி மக்காது, யாராவது கல்லைப் பிடுங்கி வேறு இடத்தில் வைத்தாலும் கரி பழைய இடத்திலேயே கிடக்கும். உன் தாத்தா ஊர்க்காரர்களை வைத்துக்கொண்டு போட்டது. அந்தாண்டக் கட்டிலில் இருந்து ராஜப்பனும், "தோண்டுங்க, இன்னிக்கே தோண்டுங்க" என்றான். வருகிற புதன்கிழமை போலீஸ் காவலோடு சர்வேயர் வந்து தோண்டப் போகிறார்கள். நான் பால் டம்ளரோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், எனக்குக் காது அடைத்துவிட்டது.

ஏன் என்றால் அந்தக் கல்லுக்கு அடியில் கரி இல்லை ஹரீஷ். ஒரு துண்டு கூட இல்லை. கரி இருக்கிற இடம் எனக்குத் தெரியும். கல்லில் இருந்து மூன்று எட்டு தூரம் இந்தாண்ட, நம் நடு மரத்து வேருக்குப் பக்கத்தில், ஜிம்மியைப் புதைத்தேனே, அதற்கு ஒரு முழம் தள்ளி இருக்கிறது. அதை மண் போட்டு மூடினவள் நான். நீ பன்னிரண்டாவது படித்த வருஷம் ராஜப்பன் மோட்டாரில் செம்பு ஒயரை யாரோ அறுத்துக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறதா? சரசம்மா தண்ணீர்த் தொட்டிக்கிட்ட இருபது பேர் முன்னால், "மங்கம்மா மவன்தான் அறுத்து வித்திருப்பான், அவன் கையைப் பாருங்க, திருட்டுக் கை" என்று சொன்னாள். உன் கையை, நான் பெற்ற கையை. அப்பா மாலை போட்டுக்கொண்டு சபரிமலை போயிருந்தார், நீ பள்ளிக்கூடத்தில். கார்த்திகை அடைமழையில் வரப்பு கரைந்து கல் சாய்ந்து கிடந்தது. நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனேன், இந்தக் கடப்பாரைதான். கல்லை நெம்பி உருட்டி மூன்று எட்டு அவர்கள் பக்கத்தில் நட்டேன். பழைய குழியில் கரி கருகருவென்று தெரிந்தது, மண்ணைத் தள்ளி மிதித்தேன். நிலத்துக்கு ஆசைப்பட்டுச் செய்யவில்லை, எந்தச் சாமி முன்னாலும் சொல்வேன். அவள் பார்க்கட்டும், பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டு வரட்டும், வந்தால் என் மகனைத் திருடன் என்றாயே என்று நாலு பேர் முன்னால் அவளைக் கிழிகிழி என்று கிழிக்கலாம், அதுதான் என் நினைப்பு. அவள் வரவில்லை. மறுநாள் ராஜப்பன்தான் வந்தான். கல்லைப் பார்த்தான். "மழையில ஆடுது பாருக்கா" என்று சொல்லி, அவனே மண்ணைக் கூட்டிக் காலால் மிதித்துக் கெட்டியாக்கிவிட்டுப் போனான். அந்தக் கல்லை அவன் சந்தேகப்படவே இல்லை. குங்குமம் வைத்துக் கும்பிடுகிற கல்லை ஒருத்தி நகர்த்துவாள் என்று அவனுக்கு எப்படித் தோன்றும்?

தை பிறந்ததும் அப்பா அந்தக் கல்லுக்குப் பால் ஊற்றி மஞ்சள் பூசினார், அந்தாண்ட ராஜப்பன் பூசினான், நான் கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாசியில் ஒயர் திருடினவன் குந்தாரப்பள்ளிச் சந்தையில் பிடிபட்டான். சரசம்மா நம் வீட்டுக்கு வந்து, "என் நாக்குல புத்து வைக்கணும் மே மங்கம்மா, உன் மவனைச் சொல்லிட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீயும் இருந்தாய், அவள் கொண்டுவந்த பலாப்பழத்தை நீதான் அறுத்தாய். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாய் வரைக்கும் வந்தது. சாமியாகக் கும்பிட்ட கல்லை நான்தான் பிடுங்கினேன் என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று விழுங்கிவிட்டேன். ஆடியில் அப்பா வரப்போரம் அந்த மூன்று கன்றை நட்டார், நான்தான் தண்ணீர் ஊற்றினேன். அவை காய்க்க ஆரம்பித்த பிறகு எனக்கே மறந்துவிட்டது போலாகிவிட்டது. பாவி நான், அந்த மெஷின்காரன் சொன்ன அன்றைக்கு, கன்றுக்குட்டியின் கால் ஒடிந்த அன்றைக்கு, ஜிம்மி செத்த அன்றைக்கு, ஒரு நாள் வாயைத் திறந்திருந்தாலும் அப்பாவுக்கு விரல் இருந்திருக்கும், ராஜப்பனுக்குக் கால் இருந்திருக்கும். துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு நின்றேனே தவிர வாயைத் திறக்கவில்லை.

நேற்று அப்பாஸ் சொல்லிவிட்டுப் போனதும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எந்தக் கையால நட்டே" என்று மட்டும் கேட்டார். இரண்டு கையாலும்தான் என்றேன். அப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "வெளிய மூச்சு விடாதே, கரி இல்லைன்னா அவனுங்களே தோண்டி எடுத்துட்டானுங்கன்னு சொல்லிக்கலாம், தம்பிகிட்டச் சொல்லி ஆள் சேக்கச் சொல்றேன்" என்றார். பாரேன், விரல் போயும் அந்த மனுஷனுக்குப் புத்தி எங்கே போகிறது என்று. சித்தப்பா ஏற்கெனவே ராயக்கோட்டைப் பக்கம் இருந்து எட்டுப் பேரை வரச் சொல்லியிருக்கிறார். நான் பேசாமல் இருந்தால் புதன்கிழமை அந்த வரப்பில் இன்னும் எத்தனை பேர் விழுவார்களோ. அதனால் சர்வேயர் மண்வெட்டியை வைப்பதற்கு முன்னாலேயே நான் போய் நடு மரத்துக்கு அடியில் நின்று, இங்கே தோண்டுங்க என்று சொல்லப்போகிறேன். சரசம்மா அடிக்க வருவாள், வரட்டும், நான் கை தூக்க மாட்டேன். அவள் கம்மலை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன், அதையும் கொடுத்துவிடுவேன். உன் சித்தப்பா என்ன செய்வாரோ தெரியாது.

இப்போது சொல், யார் கையை எடுக்க வருகிறாய்? விஜயகுமார் தன் அப்பாவை அடித்தவனை வெட்டினான், நீயும் அதைத்தானே செய்யப்போகிறேன் என்கிறாய். அவனுக்கு ஒரு கெடுதலும் செய்யாதே. ஜாமீனில் வந்தால் போன் பண்ணிப் பேசு, என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை, உனக்கு வரும். வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே. வேளைக்குச் சாப்பிடு, அந்தக் குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே, கோபம் வந்தால் என்னைப் போல அடக்கி வைத்துக்கொண்டு வேறு எங்கேயாவது காட்டாதே. அப்பாஸிடம் மாங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறேன். அது அந்த மூன்று மரத்துக் காய், சித்திரையில் போட்டது. சாப்பிட மனசு வந்தால் சாப்பிடு, வராவிட்டால் கொட்டிவிடு. நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், உன் கை யார் மேலும் ஓங்காமல் இருக்க வேண்டும், வேறு வரம் எனக்கு வேண்டாம்.

ஒன்றை மறக்காதே. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாதே. புதன்கிழமை அத்தனை ஆம்பளைகளையும் பார்த்துப் பயந்து நான் வாயை மூடிக்கொண்டாலும், அவர்கள் என் வாயை மூடினாலும், இது உன்னிடம் இருக்க வேண்டும், போலீஸ் கேட்டால் நீ இதைத்தான் காட்ட வேண்டும். அதற்காகத்தான் அம்மா என்று மட்டும் போடாமல், பத்திரத்தில் போடுகிற மாதிரி முழுப் பெயரும் போட்டுக் கையெழுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
எல்லைக்கல்லைப் பிடுங்கி மாற்றி நட்டவள்,
மு. மங்கம்மா,
க/பெ. முனிவேல், நாகரசம்பட்டி.